ரப்பருக்கு வேலையில்லாத ஓவிய வகுப்பு

திருப்பதியிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறது காளஹஸ்தி. ராகு-கேது பரிகாரத்துக்கு வரும் கூட்டத்துக்கு நடுவே, படம் போடக் கற்றுக்கொள்ள வருகிறவர்களும் இந்த ஊரில் வந்து இறங்குகிறார்கள். பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022-இல் திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய ஊர் இது. துணியில் கலத்தால் வரையும் கலம்காரி ஓவியக் குடும்பங்களின் வீடுகளே இங்கே பட்டறை, வகுப்பும் அங்கேயேதான்.

முதல் பாடம், கலம் பிடிப்பது. மூங்கில் குச்சியின் நுனியைக் கூராகச் சீவி, சற்று மேலே கம்பளித் துணியைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். கலத்தை மையில் தோய்த்தால் கம்பளி அதைக் குடித்துக்கொள்ளும். விரலால் லேசாக அழுத்தினால் மை நுனிக்கு இறங்கும். அழுத்தம் கூடினால் துணியில் சொட்டிவிடும், குறைந்தால் கோடு பாதியில் அறுந்துவிடும். பென்சிலில் நன்றாக வரைகிறவர்கள்கூட முதலில் திணறுவது இங்கேதான்.

போட்ட கோட்டை அழிக்கவும் முடியாது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு எடுப்பது 'கசிமி' என்னும் கறுப்பு மை. துணியோ கடுக்காயிலும் எருமைப் பாலிலும் முக்கி உலர்த்தியது. கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் மையிலுள்ள இரும்பும் சேர்ந்த இடம் கறுத்து, அப்படியே நூலில் பிடித்துக்கொள்ளும். மை அக்கம்பக்கம் கசியாமல் தடுப்பது பாலின் கொழுப்பு.

அதனால்தான் புளியங்குச்சியைச் சுட்ட கரியால் முதலில் வெள்ளோட்டம் பார்க்கிறார்கள். கரிக்கோட்டைத் தட்டி உதறிவிடலாம். கொடி, இலை, கரை என்று கை பழகிய பிறகே முகமும் கண்ணும் வரும். குடும்பப் பட்டறைகளில் வெளிக்கோடு பெரியவர் கையில் இருக்க, புதியவர் வண்ணம் நிரப்பியே தொழிலுக்குள் நுழைவது வழக்கம்.

அந்த வண்ண வேலையும் லேசில்லை. சிவப்பு வேண்டிய இடத்தில் தடவுவது சிவப்பை அல்ல, ஏறக்குறைய நிறமே இல்லாத படிகார நீரை. பிறகு துணியை மஞ்சிட்டி போன்ற வேர்களோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். தடவும்போது எங்கே விட்டுப்போனது என்பது கொதித்த பிறகுதான் தெரியும். மஞ்சளுக்கு மாதுளைத் தோலும் நீலத்துக்கு அவுரியும் உண்டு.

இந்தக் கலை ஒரு கட்டத்தில் நின்றுபோக இருந்தது. கைவினைக் கலை ஆர்வலர் கமலாதேவி சட்டோபாத்யாயவின் முயற்சியால் 1950-களின் இறுதியில் காளஹஸ்தியில் பயிற்சி மையம் வந்தது. அங்கே கற்பித்தவர் ஜொன்னலகட்டா லட்சுமய்யா. அவர் மகன் குரப்ப செட்டி 2008-இல் பத்மஸ்ரீ பெற்றார். பேரன் நிரஞ்சனும் இதே கலையில் பெயர் பெற்றவர். முறையாகப் பாடத்திட்டத்தோடு படிக்க விரும்புகிறவர்களுக்கு, திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1960-இல் தொடங்கிய பாரம்பரியச் சிற்பக் கல்வி நிறுவனத்தில் கலம்காரிப் படிப்பு இருக்கிறது.

இப்போது நகரங்களில் ஒரு நாள், இரண்டு நாள் கலம்காரி வகுப்புகள் நிறைய நடக்கின்றன. பதப்படுத்திய துணியும் தயார் மையும் கையில் கொடுத்து, வரைய மட்டும் சொல்லித்தருவதற்கு அந்த நேரம் போதும். முழு வேலைக்குப் போதாது. துணி பலமுறை தண்ணீரில் அலசப்பட்டு வெயிலில் காய வேண்டும். காளஹஸ்தியில் அலசலுக்கு சுவர்ணமுகி ஆற்றின் ஓடும் நீரையே நம்பியிருந்தார்கள். ஆண்டில் பல மாதம் ஆறு மணலாகக் கிடப்பதால் மோட்டார் தண்ணீரும் தொட்டியும் வந்துவிட்டன.

வகுப்பில் சேருமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. துணியை நாமே பதப்படுத்துவோமா? சாயம் இயற்கையானதா, கடையில் வாங்கிய அக்ரிலிக்கா? கொதிக்கவைப்பதும் அலசுவதும் கட்டணத்துக்குள் அடங்குமா?