ஒரு குடம் நீரில் மறையும் மலை

பருவமழை ஓய்ந்தபின், மார்கழியிலும் தையிலும், செஞ்சியில் சில நாட்கள் வெள்ளையாகவே விடிகின்றன. சங்கராபரணி ஆற்றங்கரையில் கேமராவோடு நிற்பவர் கண்ணுக்குச் செஞ்சிக் கோட்டையின் குன்றுகளான ராஜகிரியும் இல்லை, கிருஷ்ணகிரியும் இல்லை. முகலாயப் படை 1690இல் முற்றுகையிட்டு 1698இல்தான் பிடிக்க முடிந்த கோட்டை அது. அதை மறைக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

கன மீட்டருக்கு 0.1 கிராம் நீர் இருந்தாலே நல்ல மூடுபனி. 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரத்துக்குப் படிந்த பனியை வடித்தெடுத்தால் பத்து லிட்டர் தேறும், ஒரு குடம். அந்த நீர் 0.01 மில்லிமீட்டர் துளிகளாகச் சிதறி மிதக்கிறது. துளிகளின் மேற்பரப்பையெல்லாம் கூட்டினால் ஏறக்குறைய ஒன்றரை ஏக்கர்! நீர் நுணுக நுணுக ஒளி மோதும் இடம் பெருகுகிறது.

மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. குளிர்ந்த காற்று கனத்து, சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஆற்றின் ஈரம் அங்கே துளியாகிறது. காற்று பலமாக வீசினால் இது நடக்காது. சூரியன் எழுந்ததும் பனி சற்று நேரம் இன்னும் அடர்வதுண்டு: புல்லின் ஈரம் ஆவியாகிறது, காற்று மெல்லக் கலங்குகிறது. எனவே கேமராவை அவசரப்பட்டு மூட வேண்டாம்.

துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிக்கின்றன. அதனால்தான் சூரியனை எதிர்கொண்டு எடுத்த படத்தில் பனியே ஒளிர்கிறது. அருகிலுள்ள பனைமரம் கருப்பாகவும், அடுத்தது சாம்பலாகவும், மலை வெறும் சாயலாகவும் நிற்கும். தொலைவு கூடக்கூட, இடையிலுள்ள துளிகளின் ஒளி படத்தில் கூடுதலாகக் கலக்கிறது. சாதாரண வெயிலில் தட்டையாகத் தெரியும் நிலத்துக்கு இப்படி ஆழம் கிடைப்பது எனக்கு இன்றும் வியப்புதான். கேமராவோ காட்சியின் சராசரியை நடுத்தரச் சாம்பல் என்றே கணக்கிட்டுப் பனியை மங்கலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள்.

பனி மெலிந்து வெயில் விழுந்ததும் சூரியனுக்கு முதுகு காட்டித் திரும்பிப் பாருங்கள். உங்கள் நிழலைச் சுற்றி வெள்ளை வளைவொன்று தெரியக்கூடும். வானவில்லின் உறவுதான் அது. துளிகள் மிகச் சிறியவை என்பதால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வெளுத்துவிடுகின்றன. வளைவு அகலமானது, மொபைலின் அகலக்கோண லென்ஸே அதற்கு ஏற்றது.