வெயிலுக்குக் கணக்கு எழுதிய வாலிபர்

அது ஒரு சின்ன ஏரி. இடுப்பளவு ஆழந்தான் இருக்கும். சுற்றிலும் சதுப்பு நிலம்.

அந்த ஏரிக்கு ஒரு வாலிபர் அடிக்கடி வருவார். கூடவே அவர் மனைவியும் வருவார். குளிக்க அல்ல, மீன் பிடிக்கவும் அல்ல. சேற்றை அள்ளுவார்கள். பாசியை எடுப்பார்கள். பூச்சி புழுக்களை எண்ணுவார்கள்.

குளிர்காலத்தில் ஏரி உறைந்து பனிக்கட்டி ஆகிவிடும். அப்போதும் ஆராய்ச்சி நிற்காது.

இப்படி 5 ஆண்டுகள்!

யார் அவர்?

அவர் பெயர் ரேமண்ட் லிண்டமன். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் 1915-ம் ஆண்டு பிறந்தவர். மனைவி பெயர் எலினார். அவர்கள் ஆராய்ந்த ஏரிக்கு "சீடர் பாக் ஏரி" என்று பெயர்.

லிண்டமன் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடினார். ஏரியின் மீது வெயில் விழுகிறது. அந்த சக்தி எங்கே போகிறது? யார் யாருக்குக் கிடைக்கிறது?

ரூபாய்க் கணக்கு

அவர் கண்ட விடையை ரூபாய்க் கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும்.

ஏரியின் மீது ஓர் ஆண்டில் விழும் வெயில் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாசியும் செடிகளும் பிடித்துக்கொள்வது எவ்வளவு தெரியுமா? 94 பைசாதான்!

பாசியையும் செடிகளையும் தின்னும் சிறு பிராணிகளுக்கு 12 பைசா போய்ச் சேர்கிறது. அந்தப் பிராணிகளைப் பிடித்துத் தின்னும் பிராணிகளுக்கு 3 பைசாகூட முழுசாகக் கிடைப்பது இல்லை.

மீதி எங்கே?

வெயிலில் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கவே சரியாகிவிடுகிறது. செடி பிடித்த சக்தியிலும் பாதி வழியில் செலவு உண்டு.

நாம் சோறு சாப்பிடுகிறோம். அது அவ்வளவும் சதையாக உடம்பில் தங்குகிறதா? இல்லை. நடக்கிறோம், மூச்சு விடுகிறோம், வேலை செய்கிறோம். சக்தி செலவாகிறது. உடம்பு சூடாகிறது. செடிக்கும் பூச்சிக்கும் இதே கதைதான்.

செத்த செடி மக்கினால் உரம் ஆகும். உரம் மீண்டும் செடிக்குப் போகும். ஆனால் செலவான சக்தி அப்படித் திரும்பாது. சூடாகக் காற்றில் கலந்துவிடும். அதனால்தான் வெயில் தினமும் புதிதாக வரவேண்டி இருக்கிறது.

புலி ஏன் குறைவு?

இது அந்த ஏரிக்கு மட்டும் உள்ள கணக்கு அல்ல. நம் நாட்டுக் காட்டுக்கும் இதுதான். ஒவ்வொரு படியிலும் சுமார் பத்தில் ஒரு பங்குதான் மேலே போகும் என்று இன்று பொதுவாகச் சொல்லுகிறார்கள். இடத்துக்கு இடம் இது கூடும், குறையும்.

ஒரு புலி ஓர் ஆண்டில் மான் போன்ற பிராணிகள் சுமார் 50-ஐத் தின்னும். அந்த 50-ம் ஆண்டுதோறும் கிடைக்கவேண்டுமானால், காட்டில் சுமார் 500 இருக்கவேண்டும். அந்த 500-க்கும் புல்லும் தழையும் வேண்டும்.

துப்பாக்கியால் சுட்டால்தான் புலி சாகும் என்பது இல்லை. புல் அழிந்தாலும் போதும்!

"வேண்டாம்" என்றார்கள்

லிண்டமன் தமது ஆராய்ச்சியைக் கட்டுரையாக எழுதி, ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பினார். அதைப் படித்துப் பார்த்த 2 அறிஞர்கள், "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். இவ்வளவு பெரிய முடிவுக்கு இந்த ஆதாரம் போதாது என்பது அவர்கள் எண்ணம்.

ஆனால் யேல் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஹட்சின்சன் விடவில்லை. கட்டுரைக்காகப் பரிந்து, பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். ஆசிரியர் மனம் மாறினார். கட்டுரை ஏற்கப்பட்டது.

அதற்குள் லிண்டமன் படுத்த படுக்கை ஆகிவிட்டார். கல்லீரல் நோய். 1942-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு 27 வயதுகூட நிறையவில்லை.

அக்டோபர் மாதம் கட்டுரை வெளிவந்தது. அதை அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இன்று உலகமெங்கும் கல்லூரி மாணவர்கள் அந்தக் கணக்கைப் படிக்கிறார்கள். சீடர் பாக் ஏரி இருக்கும் இடத்தில் மின்னசோட்டா சர்வகலாசாலையின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது.