ஆயிரம் கெஜம் – 6: பக்கத்து அட்டையில் பாய்ந்த குண்டு

போன வாரம் விம்பிள்டனில் நிறுத்தியிருந்தோம். 1860 ஜூலையில் விக்டோரியா மகாராணி பட்டுக் கயிற்றை இழுக்க, தாங்கியில் பொருத்தியிருந்த விட்வொர்த் துப்பாக்கி வெடித்து, 400 கெஜத்துக்கு அப்பாலிருந்த இலக்கின் நடுவை ஏறக்குறையத் தொட்டது. அது முன்கூட்டியே குறிபார்த்து இறுக்கி வைத்த துப்பாக்கி. நமக்கு யாரும் அப்படி வைத்துத் தரப்போவதில்லை. எனவே ஒரு சாதாரண ஆள் நெடுந்தூரம் ரைஃபிள் சுடும் இந்த விளையாட்டுக்குள் எப்படி நுழைகிறார் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

புதிதாக வருகிறவரின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" இப்போதைக்கு எதுவும் வேண்டாம். பிரிட்டனில் சட்டமே அவசரத்துக்கு இடம் கொடுக்காது. அரசு அங்கீகரித்த கிளப்பில் குறைந்தது மூன்று மாதம் பயிற்சி உறுப்பினராக இருந்த பிறகுதான் முழு உறுப்பினர் ஆக முடியும். சொந்தத் துப்பாக்கிக்குக் காவல்துறை உரிமம் தனி. அதுவரை கிளப் துப்பாக்கிதான். கையில் காசு இருந்தால் ஒரு நல்ல ஜாக்கெட், கையுறை, காதடைப்பான், ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளலாம். நோட்டு என்றால் சிரிப்பார்கள். ஒவ்வொரு குண்டும் எங்கே பட்டது, அப்போது கொடி எப்படிப் பறந்தது, பார்வைக் கருவியில் எத்தனை க்ளிக் திருப்பினோம் என்பதை எழுதி வைக்காதவர் அடுத்த முறை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இதில் டார்கெட் ரைஃபிள் என்கிற பிரிவில் சாமான்கள் குறைவு. 7.62 மி.மீ. ரகத் துப்பாக்கி. குப்புறப் படுத்துச் சுட வேண்டும். தாங்குகால் கூடாது, மேற்கையில் கட்டிய வார்தான் பாரத்தைத் தாங்கும். துப்பாக்கி மேல் தொலைநோக்கியும் கூடாது. பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம், அந்த வளையத்துக்குள் மங்கலாக ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். போட்டிக்கு வந்த எல்லோருக்கும் ஒரே ரகத் தோட்டாவைக் கொடுப்பது பிரிட்டனில் பழைய மரபு. பணக்காரரின் தோட்டா, ஏழையின் தோட்டா என்ற பேச்சே வராது. கண்ணும் முதுகும் ஒத்துழைக்காதவர்களுக்கு எஃப்-கிளாஸ் இருக்கிறது. கனடாவின் ஜார்ஜ் ஃபார்க்குவர்சன் தொடங்கி வைத்தது. அதில் தொலைநோக்கி உண்டு, தாங்குகால் உண்டு. ஆனால் இலக்கின் நடுவட்டம் சிறுத்துவிடும். சுலபம் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள்.

விம்பிள்டனில் நடந்துவந்த துப்பாக்கி சுடும் போட்டிகள் 1890-இல் சர்ரேயில் உள்ள பிஸ்லிக்கு மாறின. அங்கே ஸ்டிக்கிள்டவுன் மைதானத்தில் ஐம்பது இலக்குகள் வரிசையாக நிற்கும். ஓர் இலக்குக்கு இரண்டு மூன்று பேர் பக்கம் பக்கமாகப் படுத்து, மாறி மாறி ஒவ்வொரு வேட்டாகச் சுடுவார்கள். ஒரு வேட்டுக்கு 45 வினாடி. நீங்கள் சுடும்போது உங்கள் புள்ளியை எழுதுகிறவர் உங்களை ஜெயிக்க வந்திருக்கும் பக்கத்து ஆள்தான். அவருடைய புள்ளியை நீங்கள் எழுத வேண்டும்.

இலக்குகளுக்கு அடியில் ஒரு நீண்ட பள்ளம். குண்டு துளைத்ததும் அங்கிருப்பவர் அட்டையை இறக்கி, துளையில் ஒரு வில்லையைச் செருகி, மறுபடி மேலே ஏற்றுவார். புதியவர்கள் இந்த வேலையைத் தண்டனையாக நினைக்கிறார்கள். உண்மையில் பள்ளிக்கூடமே அதுதான். தலைக்கு மேல் சாட்டை சொடுக்கியதுபோல் ஒரு 'டப்' கேட்கும். ஒரு விநாடிக்குப் பிறகுதான் தூரத்திலிருந்து துப்பாக்கியின் மந்தமான வெடி வந்து சேரும். குண்டு ஒலியை முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. நாலைந்து அட்டைகளை ஒன்றாகக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். திடீரென்று எல்லோருடைய துளைகளும் ஒரே பக்கமாக நகரும். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கை நடுங்கினார்களா என்ன? காற்று மாறியிருக்கிறது.

இந்த விளையாட்டே காற்றுதான். 1000 கெஜத்தைக் கடக்கக் குண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகிறது. மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் குறுக்குக் காற்று வீசினால், அதற்குள் குண்டு இரண்டு மீட்டருக்கும் மேல் ஒதுங்கிவிடும். ஐந்து புள்ளி தரும் நடுவட்டத்தின் அகலமோ சுமார் 60 செ.மீ. காற்றின் வேகத்தை மூன்று கி.மீ. தப்பாகக் கணித்தாலே அருமையாகச் சுட்ட குண்டும் ஐந்திலிருந்து நான்குக்கு இறங்கிவிடும். அதனால் தரையில் ஒரு சிறு தொலைநோக்கியை நிறுத்தி, இலக்குக்குச் சற்று முன்னால் கானலைப் பார்க்கிறார்கள். கானல் இடமிருந்து வலம் ஓடினால் காற்றும் அப்படியே. நேராக மேலே கொதித்தால் காற்று நின்றுவிட்டது என்று ஆரம்பக்காரர் சந்தோஷப்படுவார். பழகியவரோ, திசை மாறப்போகிறதோ என்று காத்திருப்பார். கொடியும் முழுதாகச் சொல்லாது. குண்டு நேர்கோட்டில் போவதில்லை. பார்வைக் கோட்டுக்கு மேலே இரண்டாள் உயரம் ஏறி இறங்குகிறது. அந்த உயரத்துக் காற்று வேறு மாதிரி இருக்கலாம்.

காற்றுக்கு அடுத்தபடியாகப் புதியவரைக் கவிழ்ப்பது, இலக்கு மாற்றிச் சுடுவது. ஐம்பது அட்டைகளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கொடியைப் பார்க்கத் தலை தூக்கி, மறுபடி குனிந்து வளையத்துக்குள் பார்த்தால், தெரிவது பக்கத்து அட்டையாக இருக்கலாம். எவ்வளவு அழகாக நடுவில் பாய்ந்தாலும் உங்களுக்குப் பூஜ்யம்.

இதில் அனுபவசாலியும் தப்புவதில்லை என்பதற்கு 1874 செப்டம்பரில் நியூயார்க் லாங் ஐலண்டில் உள்ள கிரீட்மூரில் நடந்ததே போதும். முந்தைய ஆண்டு விம்பிள்டனில் எல்கோ கேடயம் வென்ற அயர்லாந்து அணி, அமெரிக்கர்களைப் போட்டிக்கு அழைத்திருந்தது. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கெஜம். ஐரிஷ்காரர்களிடம் குழல் வாயில் மருந்து இடிக்கும் ரிக்பி துப்பாக்கிகள். அமெரிக்கர்களிடம் பின்புறம் தோட்டா போடும் ரெமிங்டன், ஷார்ப்ஸ். அப்போது நடுவில் பட்டால் நான்கு புள்ளி. ஐரிஷ் வீரர் மில்னர் ஒரு குண்டைக் கச்சிதமாக நடுவில் செலுத்தினார், பக்கத்து அட்டையில். அயர்லாந்து 931-இல் முடித்தது. அமெரிக்கா 930; மிச்சம் ஒரே வேட்டு. அதைச் சுட வேண்டிய ஜான் போடைன் சற்று முன்புதான் உடைந்த பாட்டிலில் கையைக் கிழித்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்து, நடுவில் அடித்தார். 934. அமெரிக்காவில் எல்லோரும் போடைனின் ரத்தத்தைத்தான் பேசினார்கள். எனக்கோ மில்னரின் பூஜ்யம்தான் அந்தப் போட்டியைத் தீர்த்தது என்று தோன்றுகிறது. அந்த நான்கு மட்டும் சேர்ந்திருந்தால் அயர்லாந்து 935. ஒவ்வொரு வேட்டுக்கும் முன்னால் இலக்கு எண்ணைப் பாருங்கள் என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வது சும்மா அல்ல.

இந்த விளையாட்டுக்குப் பெரிய உடல்பலம் எதுவும் வேண்டியதில்லை. 1930-இல் பிஸ்லியில் மன்னர் பரிசை ஒரே புள்ளி வித்தியாசத்தில் வென்ற முதல் பெண் மார்ஜரி ஃபாஸ்டர், கோழிப்பண்ணை நடத்திக்கொண்டிருந்தவர்.

பிஸ்லிக்கும் நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. இன்றும் அணிகள் மோதும் கோலாப்பூர் கோப்பை, அந்தச் சமஸ்தானத்து ராஜா கொடுத்தது. 1871 முதல் சுடப்படுகிறது. அதே கோலாப்பூர்ப் பகுதியிலிருந்து வந்த தேஜஸ்வினி சாவந்த் 2010-இல் மியூனிக்கில் 50 மீட்டர் படுத்துச் சுடும் பிரிவில் உலக சாம்பியன் ஆனார். ஸ்வப்னில் குசாலே 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வென்றார். படுக்கை, வார், துளைப் பார்வை, மூச்சை அடக்கும் விதம் எல்லாம் 50 மீட்டரிலும் ஆயிரம் கெஜத்திலும் ஒன்றுதான். ஆர்வமுள்ள வாசகர்கள் அருகிலிருக்கும் ரைஃபிள் கிளப்புக்குப் போய் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: 50 மீட்டர் ரேஞ்ச் இருக்கிறதா, பயிற்சிக்குக் கிளப் துப்பாக்கி தருவார்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் அங்கேயே சேர்ந்துவிடுங்கள்.

வாரை எப்படிக் கட்டுவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)