நீரிழிவும் மாதர் இல்லற நலமும்

நீரிழிவு நோயைப் பற்றி நம் நாட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. உணவு, நடை, மருந்து, கண், சிறுநீரகம், பாதம் ஆகிய யாவற்றைப் பற்றியும் அறிவுரைகள் வழங்கப்படுகின்றன. ஆனால் அந்நோய் கொண்ட பெண்மக்களின் தாம்பத்திய வாழ்வை அது எவ்வாறு தாக்குகின்றது என்பதைப் பற்றி மட்டும் நாம் மௌனம் சாதிக்கின்றோம். ஆடவருக்கு நேரும் குறையைப் பற்றியேனும் மருத்துவர்கள் விசாரிப்பதுண்டு. பெண்களின் துன்பமோ வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. இந்த மௌனத்தை அடக்கம் என்று கருதுவது தவறு. தீர்க்கக்கூடிய துயரத்தைத் தீராது வைத்திருப்பது அதுவே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023ஆம் ஆண்டில் வெளியான நாடளாவிய ஆய்வு, நம் தேசத்தில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவுடையோர் என்று மதிப்பிட்டது. இவர்களுள் பெண்களின் தொகையும் கோடிக்கணக்கானது. ஆகவே நாம் பேசுவது எங்கோ ஒரு சிலருக்கு மட்டும் உரிய செய்தியன்று.

இந்நோய் செய்யும் இடையூறு மூன்று வகைப்படும். முதலாவது, தொற்று. காண்டிடா என்னும் நுண்ணிய பூஞ்சை இயல்பாகவே நம் உடலில் வாழ்வது. சர்க்கரை மிகும்போது அது பெருகி, பிறப்புறுப்பில் அரிப்பையும் எரிச்சலையும் தயிர்த்திரி போன்ற வெள்ளைப்படுதலையும் உண்டாக்குகின்றது. சிறுநீர்த் தாரையிலும் தொற்றுகள் எளிதில் பற்றுகின்றன. இரண்டாவது, நரம்புகளும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நலிவதால் உணர்ச்சி மங்குகின்றது, ஈரப்பசை குறைகின்றது, சேர்க்கை வலி தருவதாகின்றது. மாதவிடாய் நின்ற பின் இவ்வறட்சி மேலும் மிகலாம். மூன்றாவது, ஓயாத களைப்பும் மனச்சோர்வும் விருப்பத்தையே குன்றச் செய்கின்றன.

இவற்றின் காரணம் அறியாத இல்லங்களில் நிகழ்வது யாது? வலிக்கு அஞ்சி விலகும் மனைவியை, அன்பு குறைந்தவள் என்று கணவன் எண்ணுகின்றான். வெள்ளைப்படுதல் கண்ட பெண்ணோ, தன் ஒழுக்கத்தைப் பிறர் ஐயுறுவரோ என்று நடுங்கி, மருத்துவரிடம் செல்லாமலே காலம் கடத்துகின்றாள். மேற்கூறிய பூஞ்சைத் தொற்று தகாத உறவினால் வருவதன்று. சர்க்கரையின் மிகுதியே அதற்குப் போதிய காரணம். சில பெண்களுக்கு இவ்வாறு அடிக்கடி வரும் அரிப்பே, உள்ளிருக்கும் நீரிழிவை முதன்முதலில் அறிவிக்கும் அடையாளமாகவும் அமைவதுண்டு.

பரிகாரங்கள் அரியன அல்ல. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே முதல் மருந்து. பூஞ்சைத் தொற்றைக் களிம்பும் மாத்திரையும் பெரும்பாலும் சில நாட்களில் நீக்கிவிடும். வறட்சிக்கு நீரில் கரையும் வழுக்குக் களிம்புகள் மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. மாதவிடாய் நின்றவர்களுக்கு உரிய வேறு களிம்புகளை மருத்துவர் தருவார். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை உண்போருக்கு இத்தொற்று வரும் வாய்ப்பு அதிகம். அதற்காக அவற்றைத் தாமாகவே நிறுத்துதல் கூடாது. மருத்துவரிடம் கூறினால் அவர் தக்கதைச் செய்வார். இன்சுலின் செலுத்திக்கொள்பவர்களுக்குச் சேர்க்கையின்போதோ அதன் பின்னரோ சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் தோன்றலாம். சிறிது சர்க்கரையோ குளுக்கோஸோ அருகில் வைத்திருப்பது நன்று. இதனைக் கணவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி மகப்பேற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கருவின் முக்கிய உறுப்புகள் முதல் எட்டு வாரங்களுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. பல பெண்கள் தாம் கருவுற்றதையே உணராத காலம் அது. அப்போது தாயின் சர்க்கரை மிகுந்திருந்தால், கருச்சிதைவும் குழந்தையின் இதயத்திலும் முதுகுத்தண்டிலும் பிறவிக் குறைகளும் நேரும் அபாயம் கூடுகின்றது. ஆதலின் கருவுற்ற பின் விழிப்பதினும், கருவுறுமுன் ஆயத்தம் செய்தலே அறிவுடைமை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அளவு, பெருந்தீங்கின்றி இயலுமாயின், 6.5 சதவீதத்துக்குக் கீழ் வரும்வரை கருத்தரிப்பைத் தள்ளிவைப்பது நலம். ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவர் கூறும் அளவில் முன்கூட்டியே தொடங்க வேண்டும். இரத்தக் கொதிப்புக்கும் கொழுப்புக்கும் உண்ணும் மருந்துகளுட் சில கருவுக்கு ஆகா. அவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை கருத்தடைக்குக் காப்பர்-டி நீரிழிவுடைய பெண்களுட் பெரும்பாலோர்க்குப் பொருந்துவது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளோ, கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக் குழாய் ஆகியவை பழுதுற்றவர்களுக்கு ஏற்றவையாகா. எனவே கேட்டறிந்த பின்பே உண்ணுதல் வேண்டும்.

இவையனைத்தும் பயன் தருவது, யாரேனும் ஒருவர் முதலில் வாய் திறந்தால்தான். அப்பொறுப்பை நோயுற்ற பெண்ணின் தலைமீது மட்டும் சுமத்துதல் நியாயமன்று. முப்பது வயதுக்கு மேற்பட்டோரின் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிக்கும் ஏற்பாடு கிராமத்துச் சுகாதார நிலையம்வரை வந்துள்ளது. சோதனை செய்யும் செவிலியரோ மருத்துவரோ, கண் தெரிகின்றதா, கால் மரத்துப் போகின்றதா என்று வினவுவதோடு, "இல்லற வாழ்வில் வலியோ தொல்லையோ உண்டா அம்மா?" என்று தனிமையில், கனிவுடன் ஒரு கேள்வி கேட்டால் போதும். பல்லாண்டு மூடியிருந்த கதவு அதனால் திறக்கக்கூடும். மணமாகாத இளம் பெண்களுக்கும் இவ்வுண்மைகளை உரிய பருவத்திலேயே உரைத்தல் தாய்மாரின் கடமை.

கண்ணுக்கும் காலுக்கும் காட்டும் பரிவை இத்துன்பத்துக்கும் காட்டுவோம். நீரிழிவு வந்துவிட்டமையால் ஒரு பெண்ணின் அன்பும் மகிழ்ச்சியும் அவளைவிட்டு நீங்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. வலியைப் பொறுத்திருப்பது பெண்மைக்கு இலக்கணமும் அன்று. சொல்லத் தயங்குபவளுக்குத் துணிவளித்து, சொல்வதைப் பொறுமையோடு கேட்பதே கணவருக்கும் மருத்துவருக்கும் நமக்கும் உரிய பணியாகும்.