நீலகிரியில் இரு எழுத்து மரபுகள்: அரபுத் தமிழும் அரபு மலையாளமும்

1877ஆம் ஆண்டில் தென்கிழக்கு வயநாடு மலபார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியுடன் இணைக்கப்பட்டது. இன்றைய கூடலூர், பந்தலூர் பகுதிகள் அவ்வாறு வந்து சேர்ந்தவையே. இதனால், அரபு எழுத்தைத் தம் தாய்மொழிக்கு ஆக்கிக்கொண்ட இரண்டு சமூகத்தார் ஒரே மாவட்டத்தினர் ஆயினர். கூடலூர்ப் பக்கத்து மாப்பிள்ளை முஸ்லிம்களின் மரபு அரபு மலையாளம். சமவெளியிலிருந்து உதகைக்கும் குன்னூருக்கும் மலையேறிய தமிழ் முஸ்லிம்களின் பொது மரபு அரபுத் தமிழ். முன்னது நிலைக்க, பின்னது ஏன் மங்கியது என்பதே இக்கட்டுரையின் வினா.

‘அர்வி’ எனவும் வழங்கும் அரபுத் தமிழ் தனிமொழியன்று. அரபுச் சொற்கள் விரவிய தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை. இதன் தேவையை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். அரபியில் இதயத்தையும் நாயையும் குறிக்கும் சொற்கள் முதலெழுத்தால் மட்டுமே வேறுபடுவன. தமிழில் எழுதினால் இரண்டும் ‘கல்ப்’ என்றே அமையும். மார்க்க நூலில் இம்மயக்கம் சிறிய பிழையன்று. மறுபுறம், அரபு எழுத்தை அப்படியே கொண்டால் ‘பல்லி’யும் ‘பள்ளி’யும் ஒன்றாகிவிடும், பகரத்திற்கோ அங்கு எழுத்தே இல்லை. ஆகவே, இருக்கும் எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டியும், எகர ஒகரங்களுக்குக் குறிகளை அமைத்தும் புதிய வடிவங்கள் ஆக்கப்பட்டன. இங்கு அரபு தமிழை விலக்கவில்லை. தமிழுக்கேற்ப அதுவே வளைந்தது.

குர்ஆன் ஓதக் கற்ற பெண்ணுக்கு, தமிழ் நெடுங்கணக்கு அறியாமலே தன் தாய்மொழி நூலைப் படிக்க இவ்வெழுத்து வழிசெய்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இயற்றிய ‘மகானி’ போன்ற மார்க்கச் சட்ட நூல்கள் இவ்வாறே வீடுகளுக்குள் சென்றன. பள்ளிக்கூட அளவுகோலால் மட்டும் அளந்தால் அப்பெண் எழுத்தறிவற்றவள்.

தமிழ் எழுத்தில் அச்சும் பள்ளிக் கல்வியும் பரவியபின் அரபுத் தமிழின் தேவை குறைந்தது. இதனை முற்றிலும் இழப்பெனக் கொள்ளவியலாது. இஸ்லாமியத் தமிழ் எழுத்து பொது வாசகரை எட்டியதும் அதனாலேயே. ஆனால், அதே அச்சும் கல்வியும் கேரளத்திலும் பரவின. 1951இல் அங்கு உருவான சமஸ்தா மதரசாக் கல்வி வாரியத்தின் பாடநூல்களில் அரபு மலையாளம் இடம்பெற்றது. அரபுத் தமிழுக்கு அத்தகைய நிறுவனப் பிடிமானம் வாய்க்கவில்லை. வேறுபாடு இங்கேதான் உள்ளது எனக் கருதலாம்.

எஞ்சிய அரபுத் தமிழ் நூல்களை எழுத்தை மட்டும் பார்த்து ‘அரபி’ எனப் பட்டியலிட்டால், தமிழாய்வாளர் அவற்றைத் தேடமாட்டார். அரபி கற்றவர் எடுத்தாலும் எழுத்துக் கூட்டலாமே தவிரப் பொருள் கொள்ள இயலாது.