ஃபார்மட் செய்யுமுன் ஒரு நிமிடம்!

ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பியை வாயில் வைக்கும் நேரம் மேல்மாடி மாமா தம் மடிக்கணினியைக் கைக்குழந்தை போல் அணைத்துக்கொண்டு இறங்கி வந்தார். மத்திய அரசில் ஃபைல்களோடு ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர். எதற்கும் அசைய மாட்டார். அன்று முகம் வாடியிருந்தது.

"ஆன் ஆறது. உள்ளேதான் போக மாட்டேங்கறது. நேரு பிளேஸ்ல ஒரு கடையில காட்டினேன். 'ஃபார்மட் கர்னா படேகா, அங்கிள்'னுட்டான்" என்றார்.

ஃபார்மட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. கணினி பிழைக்கும், சேமித்தவை போய்விடும். வரிக்கணக்கும் பெண்ணின் கல்யாணப் படங்களும் போனால்கூட வேறு இடத்தில் பிரதி கிடைக்கும். ஆனால் மாமாவின் தாயார் 2016இல், தம் கடைசி நாட்களில், கும்பகோணத்து வீட்டுக் கதைகளைச் சொல்லச் சொல்ல இவர் பதிவு செய்த ஒலிக்கோப்புகள்? அவை அந்த ஒரு பெட்டிக்குள் மட்டுமே இருந்தன.

கணினி 'பூட்' ஆவது என்கிறோமே, அது தொடர் ஓட்டம் மாதிரி. பொத்தானை அழுத்தியதும் போர்டில் பதிந்துள்ள சிறு நிரல் விழித்து, நினைவகம், விசைப்பலகை எல்லாம் சரியா என்று பார்க்கிறது. பிறகு வட்டில் உள்ள துவக்க நிரலைத் தேடி அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. அது விண்டோஸை எழுப்புகிறது. எந்தக் கை மாறும்போது தடுக்கியது என்று கண்டுபிடித்தால் பாதி வைத்தியம் முடிந்தது. திரையில் கம்பெனி முத்திரை வந்து அதன்பின் நின்றால், பெரும்பாலும் கோளாறு விண்டோஸில்தான். வட்டே அகப்படவில்லை என்று செய்தி வந்தால் வட்டைச் சந்தேகிக்கலாம்.

முதலில் பென்டிரைவ், பிரிண்டர் எல்லாவற்றையும் கழற்றினோம். சில சமயம் கணினி பென்டிரைவிலிருந்து கிளம்பப் பார்த்து விழிக்கும். பலனில்லை. அடுத்து, முத்திரை தோன்றியதும் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணைத்தோம். இப்படி இரண்டு முறை செய்தால், விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அடுத்த முறை பழுதுபார்க்கும் திரை தானே வரும். வந்தது.

அங்கே 'ட்ரபிள்ஷூட்', அதற்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்'. மாமாவின் விரல் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' பக்கம் போயிற்று. "மாமா, பொறுங்கோ. முதல்ல அம்மா குரலை வெளியே எடுப்போம். ரிப்பேர் அப்புறம்" என்றேன்.

'கமாண்ட் ப்ராம்ப்ட்'டைத் தேர்ந்தெடுத்தால் கணினி 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டது. வட்டில் உள்ளவற்றைத் திருடர்கள் படிக்காதபடி விண்டோஸ் போட்டுவைத்த பூட்டின் சாவி அது. மாமா அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. கணக்கைத் தொடங்கித் தந்த மகள் புனேயில் இருக்கிறாள். ஃபோன் போட்டோம். அவள் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து எண்ணைப் படிக்கப் படிக்க, மாமா பழைய டிக்டேஷன் பாணியில் எழுதிக்கொண்டார்.

கறுப்புத் திரையில் 'நோட்பேட்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் எழுதும் பலகை திறக்கும். அதில் 'ஃபைல்', 'ஓப்பன்' போய், எல்லா வகைக் கோப்புகளையும் காட்டச் சொன்னால், வட்டு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். வேண்டிய கோப்புறையை நகலெடுத்துப் பென்டிரைவில் ஒட்டலாம். நேரமாகும், அவசரப்படக் கூடாது.

அம்மா பத்திரமாக வெளியே வந்த பிறகே வைத்தியம். 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' கைவிரித்தது. 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' மூலம் கடைசியாக வந்த புதுப்பிப்பை நீக்கினோம். மறுமுறை தட்டியதும் வழக்கமான திரை மலர்ந்தது. அதுவும் பலிக்காவிட்டால் 'ரீசெட் திஸ் பி.சி.' உண்டு. அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தால் நாம் போட்ட மென்பொருள்கள் போகும், சொந்தக் கோப்புகள் தங்கும். ஒன்று மட்டும் கவனம்: பழைய சுழலும் வட்டு 'டிக் டிக்' என்று சத்தமிட்டால் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். உடனே அணைத்து, தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இது நமக்கு மட்டும் நேர்வதல்ல. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதித் தந்தார்கள். அன்றும் பல இடங்களில் பொறியாளர்கள் கணினி கணினியாகப் பழுதுபார்க்கும் திரைக்குப் போய் ஒரே ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. பூட்டிய கணினிகளுக்கு அந்த 48 இலக்கச் சாவியும் தேவைப்பட்டது.

ஆகவே வாசகர்களே, கணினி நன்றாக இருக்கும் இன்றே இரண்டு காரியம் செய்யுங்கள். அந்தச் சாவி எண்ணைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

மாமா இப்போது அப்படித்தான் செய்திருக்கிறார். புனேயில் பேத்தி தினமும் ஒரு கதை கேட்கிறாளாம், கொள்ளுப்பாட்டியின் குரலிலேயே.