பீர் குளிர்ச்சியா? கோடை விழாவில் ஒரு மாலை

பெங்களூரு. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பகலெல்லாம் கொளுத்திய வெயில் தணிந்து, மாலை ஆறு மணிக்குக் காற்று லேசாக வீசத் தொடங்கியது. நகரின் நடுவே ஒரு திடலில் பெரிய பந்தல். வாசலிலேயே கறி சுடும் புகை மூக்கைத் துளைக்கிறது. உள்ளே போகிறவர்களின் மணிக்கட்டில் காகிதப் பட்டை ஒட்டுகிறார்கள். கடைகளில் பணம் வாங்குவதில்லை. முன்கூட்டியே டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட்டு வந்தால், நடுத்தரக் குடும்பத்தின் ஒரு வார மளிகைச் செலவு போய்விடும்.

பீர், போர்பன், பார்பெக்யூ: மூன்றையும் ஒரே பந்தலில் வைத்து விழா எடுப்பது அமெரிக்கர்களின் கோடைக்கால வழக்கம். அது இங்கேயும் வந்துவிட்டது.

பட்டாளத்தோடு வந்தது

பீர் பெங்களூருக்குப் புதிதல்ல. 1809-ல் இங்கே கன்டோன்மென்ட் ஏற்பட்டது. வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களாகவும், சமையல்காரர்களாகவும், வண்டிக்காரர்களாகவும், கூலிகளாகவும் தமிழர்கள் வந்தார்கள். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் இன்றும் தமிழ்க் குரல் கேட்பதற்கு அதுவே தொடக்கம். பட்டாளத்துக்கு பீர் பெரிய மரப்பீப்பாய்களில் போயிற்று. 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த ஐந்து பீர் ஆலைகளை ஒன்றுசேர்த்து 'யுனைடெட் புரூவரீஸ்' கம்பெனியைத் தொடங்கினார். 2010-க்குப் பிறகு, கடையிலேயே பீர் வடித்து ஊற்றும் சிற்றாலைகள் நகரமெங்கும் பெருகின.

போர்பன் என்பது அமெரிக்க விஸ்கி. அதில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறத்தைத் தீயில் கருக்கிய புதிய ஓக் மரப்பாத்திரத்தில்தான் ஊற வைக்க வேண்டும். இது அந்த நாட்டுச் சட்டம். நிறமும் வாசனையும் அந்தக் கருகிய மரத்திலிருந்து வருகின்றன. இந்தியாவில் 150 சதவீதமாக இருந்த அதன் இறக்குமதி வரி, 2025 பிப்ரவரியில் 100 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அப்படியும் சாதாரண மாதச் சம்பளக்காரருக்கு அது எட்டாத சரக்குதான்.

அவசரப்பட்டால் வேகாது

கூட்டம் அதிகம் மொய்ப்பது கறி அடுப்புகளைச் சுற்றித்தான். தணலுக்கு நேர் மேலே வைத்துச் சுடுவது ஒரு முறை. சிவாஜி நகர் ரஸல் மார்க்கெட் பக்கம் மாலையில் கம்பியில் கோத்துச் சுடும் சீக் கபாப் அந்த வகை. சில நிமிஷங்களில் முடிந்துவிடும். அமெரிக்காவின் தென்பகுதிக்காரர்கள் பார்பெக்யூ என்று சொல்வது வேறு. மூடிய அடுப்பில், குறைந்த சூட்டில், விறகுப் புகையிலேயே கறியை வேக வைப்பார்கள். மாட்டின் நெஞ்சுக்கறி பஞ்சாக வேக பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும்.

கணக்கைப் பாருங்கள்

கறி நிதானமாக வேகிறது. விஸ்கி ஆண்டுக்கணக்கில் ஊறுகிறது. குடிக்கிறவர்கள்தான் அவசரப்படுகிறார்கள். இரவு எட்டு மணிக்குள் மூன்றாவது குவளையில் இருந்தவர்களைப் பார்க்க முடிந்தது. "பீர்தானே, உடம்புக்குக் குளிர்ச்சி" என்ற பேச்சு எல்லா மேஜையிலும் கேட்டது.

பீரில் குளிர்ச்சி ஐஸ் பெட்டியில் இருந்து வருவது. உள்ளே போன சாராயச் சத்து சிறுநீரைப் பெருக்கி, உடம்பில் உள்ள நீரை வெளியேற்றும். வெயிலில் வேர்த்து வந்தவருக்கு அது நல்லதல்ல.

கணக்கும் எளிது. 5 சதவீத பீர் அரை லிட்டர் குவளையில் 25 மில்லி சாராயம் இருக்கிறது. 40 சதவீத போர்பன் 30 மில்லி பெக்கில் 12 மில்லி. ஆக, ஒரு குவளை பீர் இரண்டு பெக் விஸ்கிக்குச் சமம். 7 சதவீத ஸ்டிராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றைக் காலி செய்தவர், ஏறக்குறைய நான்கு பெக் குடித்தவர். "நான் பிராந்தி, விஸ்கி தொடமாட்டேன், பீர் மட்டும்தான்" என்று மனைவியிடம் சத்தியம் செய்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

வெளியே ஸ்கூட்டர்களும் பைக்குகளும் வரிசையாக நிற்கின்றன. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். போலீசிடம் தப்பிவிடலாம். ஓசூர் ரோட்டில் எதிரே வரும் லாரியிடம் தப்ப முடியாது.

அடுப்புக்கு அந்தப் பக்கம்

பந்தலில் தமிழ் கேட்கிறது. ஆனால் மேஜைகளில் அதிகமாகக் கேட்கவில்லை. அடுப்புக்குப் பின்னால் கேட்கிறது. கரி மூட்டை சுமக்கிறவர், கறி புரட்டுகிறவர், காலிக் குவளை பொறுக்குகிறவர் என்று பலருக்கும் சொந்த ஊர் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கம். காலை பத்து மணிக்கு நின்ற கால் இரவு வரை நிற்கிறது. புகையில் கண் சிவந்திருக்கிறது. சுட்ட கறியை இவர்கள் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. இடைவேளையில் பொட்டலத்தில் வந்த புளியோதரையைச் சாப்பிட்டார்கள்.

பதினோரு மணிக்கு விளக்குகள் அணைந்தன. வாடிக்கையாளர்கள் தள்ளாடியபடி வாடகைக் கார்களைத் தேடினார்கள். சிலர் சொன்னால் கேளாமல் பைக்கை உதைத்தார்கள். அடுப்புக்காரர்கள் தணலில் தண்ணீர் ஊற்றி, கம்பிகளைத் தேய்த்துக் கழுவி, அன்றைய கூலியை எண்ணி வாங்கிச் சட்டையின் உள்பையில் வைத்தார்கள். கன்டோன்மென்ட் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் படுத்து, விடியற்காலை வண்டியில் ஜோலார்பேட்டை போய்ச் சேர வேண்டும்.

அந்தக் கூலி முழுசாக வீடு போய்ச் சேரும்.